ஒரிஜினலை யாரும் அனுப்புவதில்லை

கொற்றமங்கலத்தில் ஒரு தாளுக்கு இன்னொரு தாள் பிறப்பது சாதாரண விஷயம்; கோர்ட்டு வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் காலை முதல் மாலை வரை பட்டாவுக்குப் பட்டாவும், சாதிச் சான்றிதழுக்குச் சாதிச் சான்றிதழும், செத்தவருக்கு இறப்புச் சான்றிதழும், அந்தச் செத்தவர் ஒரு காலத்தில் உயிரோடுதான் இருந்தார் என்பதற்கு ரேஷன் கார்டு நகலும் சுடச்சுடப் பிறந்து விழுந்துகொண்டே இருக்கும்; ஆனால் ஒரு பொம்பளைக்கு இன்னொரு பொம்பளை அப்படிப் பிறந்தது பூங்கோதைக்குத்தான் முதலில் நடந்தது, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நோட்டரி வக்கீல் சிதம்பரநாதனின் மேசை மேல், அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்த வேளையில் நடந்தது.

பூங்கோதையின் புருஷன் அம்பலவாணன் வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறவன். வேலையில் இருக்கும்போதே தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து விழுந்துவிட்டான். கூட வேலை பார்க்கும் பக்ருதீன்தான் போன் பண்ணினான். கம்பெனி ஊருக்கு அனுப்பச் சம்மதித்துவிட்டது, ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆளை ஒப்படைக்க வேண்டுமானால் பெண்டாட்டியின் பாஸ்போர்ட் காப்பி வேண்டும் என்கிறார்கள், வெறும் காப்பி இல்லை, வக்கீல் சீல், அதற்கு மேல் மாநில அரசு சீல், அதற்கு மேல் மத்திய அரசு சீல், அதற்கும் மேல் தூதரகத்து சீல், இத்தனையும் இருந்தால்தான் அவள் அவன் பெண்டாட்டி என்று நம்புவார்களாம். "அண்ணன் கண்ணு தொறந்து பாக்குறாருண்ணி. யாரையும்தான் தெரிய மாட்டேங்குது. என்னயக்கூடத் தெரியல" என்று சொல்லிவிட்டு அவன் அழுதான்.

பாஸ்போர்ட் பீரோவின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே கிடந்தது. அவள் வயிற்றில் பிள்ளை இருந்த வருஷம் அம்பலவாணன் அலைந்து திரிந்து எடுத்துக் கொடுத்தது. பிள்ளை பிறந்ததும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நான் ஓட்டுகிற கிரேனைக் காட்டுகிறேன் என்றான். பிள்ளை மூன்று நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை, பாஸ்போர்ட் மட்டும் எந்தப் பக்கத்திலும் ஒரு சீல்கூட விழாமல் புத்தம் புதிதாக இருந்தது. படத்தில் கர்ப்பக்காரிக்கே உரிய உப்பிய கன்னமும், இனிமேல் நல்லதுதான் நடக்கும் என்று நினைப்பவர்கள் பார்க்கும் பார்வையுமாக ஒருத்தி இருந்தாள்.

தாஜுதீன் கடையில் காப்பி எடுத்தாள். அந்த மிஷினின் கண்ணாடியில் யாரோ எப்போதோ சாவிக்கொத்தை வைத்து இழுத்ததில் ஒரு கீறல் உண்டு, அதனால் கொற்றமங்கலத்துக்காரர்கள் எல்லோருக்கும் அரசாங்கத்துத் தாள்களில் இடது கன்னத்தில் ஒரு கோடு இருக்கும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காப்பியை வக்கீலிடம் நீட்டி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்று ஒரிஜினலையும் பையிலிருந்து எடுத்தாள். வக்கீல் வேண்டாம் என்று கையசைத்தார். "உள்ள வையும்மா. ஒன்னய எனக்குத் தெரியாதா?" என்றார். அவருக்குத் தெரியாது, அன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். ஆனால் ஒரிஜினலைப் பார்க்காமல் சீல் போடுவது அந்த வாசலின் மரியாதை, கேட்டு வாங்கிப் பார்த்தால் வந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, உண்மை நகல்' என்ற சீலை எடுத்து மையில் ஒற்றி, டொப்பென்று குத்தினார்.

மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுகிறவளைப் போல, தாளிலிருந்து ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தாள், இடது கன்னத்தில் கோடு இருந்தது, தோளில் உருண்டையான ஊதா சீல் இன்னும் காயாமல் இருந்தது. வக்கீல் மை அழிந்துவிடப் போகிறது என்று அவசரமாக ஊதினார். டைப் அடிக்கும் ரோஸ்லின் தன் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். செய்தி கேட்டு வந்த தாஜுதீன் கன்னத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாற்ற வேண்டுமென்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன், மன்னித்துக்கொள்ளம்மா என்று இருவரில் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பொதுவாகச் சொன்னான். யாரும் பயப்படவில்லை, ஏனென்றால் கோர்ட்டு வாசலில் புதிதாக ஒரு ஆள் வந்து வரிசையில் சேர்வது என்பது தினமும் நடக்கிற காரியம்.

பேர் என்ன என்று கேட்டால் சொன்னாள். பேர் பூங்கோதை, பாலினம் பெண், பிறந்த ஊர் கொற்றமங்கலம், தகப்பனார் பேர் இன்னது, தாயார் பேர் இன்னது, கணவர் பேர் அம்பலவாணன், விலாசம் இன்னது. அதற்கு மேல் கேட்டால் மறுபடி பேரிலிருந்தே ஆரம்பித்தாள். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவளுக்குத் தெரியும்.

நகல் வீட்டுக்கு வந்தாள். ஐப்பசி மாதம், அடைமழை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, ஈரத்தில் விடாதே, ஊறிவிடுவாள் என்று சொல்லி உறைபோட பிளாஸ்டிக் தாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். காற்றாடி போட்டால் அவள் அலைக்கழிவதைப் பார்த்து மடியில் அம்மிக்குழவியை வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தொந்தரவில்லாத பெண் என்று தெருவே பேசிக்கொண்டது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தாளுக்கு டிக்கெட் கிடையாது என்று அவளை விட்டுவிட்டு பூங்கோதைக்கு மட்டும் கிழித்தார். பாங்கில் பூங்கோதையின் கையெழுத்து நடுங்கிப்போய் ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்; மறுநாள் நகல் போட்ட கையெழுத்து அச்சாகப் பொருந்தியது. மகளிர் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு அவளையே அனுப்பிவிடு, நீ எதற்கு மழையில் அலைகிறாய் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புக்கு நடுவில் பூங்கோதை தன் வீட்டிலேயே ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தாள், அதை யாரும் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய், எல்லோரும் கவனித்தார்கள், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தார்கள்.

சீல் வாங்க இருவரும் சென்னைக்குப் போனார்கள். ஒரு பெரிய கட்டடத்தில், ஒரு நீண்ட வரிசையின் முடிவில், களைத்துப்போன ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அதே உப்பிய கன்னம், அதே பார்வை. பிறகு பூங்கோதையைப் பார்த்தார். ஒட்டிய கன்னமும் காதோரம் வெளுத்த முடியுமாக நின்றாள்.

"நீங்க யாரும்மா, கூட வந்தவங்களா?"

"நான்தான் சார் அது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மறுபடி ஒரு தடவை நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தார். "இவங்ககிட்ட வக்கீல் சீல் இருக்கு. ஒங்ககிட்ட என்னம்மா இருக்கு?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார். பூங்கோதை தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதிகாரி நகலைத் திரும்பச் சொல்லி முதுகில் சீல் குத்தினார், பக்கத்து அறைக்காரர் அதற்குப் பக்கத்தில் குத்தினார், மறுநாள் இன்னொரு கட்டடத்தில் அதற்குக் கீழே குத்தினார்கள், தூதரகத்துக்காரர் சிவப்பு மையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் குத்தினார். அந்த இரண்டு நாளும் பூங்கோதை வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது தன்னை ஒரு தடவையாவது உள்ளே கூப்பிடுவார்கள் என்று.

ஊருக்குத் திரும்பியதும் நேராக வக்கீலிடம் போனாள். "நானே போறேனே சார்" என்றாள். "அவருக்கு யாரையும் தெரியலங்கறாங்க. என்னயப் பாத்தா தெரியும் சார். இந்தப் புள்ளைக்கு அவரப்பத்தி ஒண்ணுந்தெரியாது."

கோர்ட்டு வாசலே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பச்சைக்குழந்தை ஏதோ கேட்டுவிட்டால் சிரிப்போமே அந்தச் சிரிப்பு. "ஒரிஜினலை யாராவது அனுப்புவாங்களாம்மா?" என்றார் வக்கீல். "போன எடத்துல தொலஞ்சுதுன்னா நாங்க எங்க போயித் தேடுறது?" பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்ட் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு இன்றைக்கு வரை தவிக்கிற மருமகனைப் பற்றி தாஜுதீன் சொன்னான். நிலப்பத்திரத்து ஒரிஜினலைக் கைமாற்றிவிட்டுத் தெருவுக்கு வந்த குடும்பத்தைப் பற்றி டீக்கடைக்காரர் சொன்னார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள், ஒவ்வொரு கதையிலும் ஒரிஜினல் வீட்டை விட்டுப் போனது, திரும்பி வரவில்லை. இத்தனை பேர் சொல்லும்போது அவள் என்ன செய்வாள்? அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, நெஞ்சு மட்டும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரிகள் அவள் படுக்கும் அறையின் மூலைகளில் அந்துருண்டை போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கொஞ்ச நாளைக்கு வெளியே தெருவே சுற்றாதே, பத்திரமாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் போகப் போகிறவளுக்கே சொல்லிக்கொடுப்பது என்று பூங்கோதை உட்கார்ந்தாள். அவருக்கு டீயில் சர்க்கரை ஆகாது, இடது தோள் குளிரில் வலிக்கும், தூங்கும்போது தொட்டு எழுப்பாதே, பேர் சொல்லிக் கூப்பிடு, கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்லாதே, சொன்னால் கவலைப்படுவார். நகல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். விடிந்ததும் கேட்டால் பேர் பூங்கோதை, பாலினம் பெண் என்று ஆரம்பித்தாள். பூங்கோதை பழையபடி சொல்லிக்கொடுத்தாள், நகலுக்குப் பழையபடி மறந்தது. ஆனால் வக்கீல் தன் பதிவு எண்ணைப் பேனாவால் கிறுக்கி அதன் மேல் சீல் குத்தியிருந்தார்; அதை மட்டும் நகல் தப்பில்லாமல் ஒப்பித்தாள். கோர்ட்டு வாசலில் அதைக் கேட்டுவிட்டு ரோஸ்லின்தான் சொன்னாள், எழுதி மேலே சீல் விழுந்தால் இவளுக்கு நிற்கும் போலிருக்கிறதே என்று.

வக்கீல் நகலைத் திருப்பி முதுகைப் பார்த்தார். முதுகு முழுக்க சீல். ஒன்றன் மேல் ஒன்று ஏறி, கழுத்திலிருந்து இடுப்பு வரை இடமே இல்லை. அடியில் ஒரு விரல் அகலம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"ஒரு வரிக்குத்தாம்மா எடம் இருக்கு. யோசிச்சுச் சொல்லு" என்றார்.

பூங்கோதை புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். பதினாலு வருஷத்துக் குடித்தனத்தை ஒரு வரியில் அடக்கச் சொன்னால் யாருக்குத்தான் வரும்? தோள் வலியைச் சொல்வதா, பிள்ளையைச் சொல்வதா, எனக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை என்று சொல்வதா? மழை தூறி நின்றது, மறுபடி தூறியது, வாசலில் கூட்டம் கலைந்தது. கடைசியில் எழுந்து வந்து ரோஸ்லினிடம் சொன்னாள்.

"'போயிட்டு வாங்க'ன்னு அடிங்கக்கா."

ரோஸ்லினின் விரல் மிஷினிலேயே நின்றுவிட்டது. "என்னடி இது. படுக்கையில கெடக்குற மனுசங்கிட்ட சொல்ற பேச்சா?"

அப்போதுதான் பூங்கோதை சொன்னாள். அம்பலவாணன் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வாசல்படியில் நின்று, போயிட்டு வரட்டா என்று கேட்பான். அவள் போயிட்டு வாங்க என்பாள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்குவான். போன தடவை, இனிமேல் போகமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தவன், இன்னும் ஒரே ஒரு காண்டிராக்ட் என்று கிளம்பினான். அவள் அடிபம்பில் நின்றுகொண்டு, குடம் நிறைந்து வழிய வழிய அடித்துக்கொண்டே இருந்தாள். போயிட்டு வரட்டா என்று கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போய்விட்டான். அதற்குப் பிறகு போனில் எவ்வளவோ பேசிவிட்டார்கள், சிரித்துக்கூடப் பேசிவிட்டார்கள், ஆனால் அது போனில் சொல்லுகிற பேச்சு இல்லை, வாசல்படியில் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற பேச்சு.

"சொல்லாம அனுப்பிட்டேங்கா. அதான் வர முடியாமக் கெடக்குறாரு. இவ போயி சொன்னாப் போதும், வந்துருவாரு."

ரோஸ்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடித்தாள். வக்கீல் அதன் மேல் சீல் குத்தினார். பூங்கோதை பையிலிருந்து ஒரிஜினலை எடுக்கப் போனபோது இந்தத் தடவையும் வேண்டாம் என்று கையசைத்தார்.

கூரியர் ஆபீசில் நகல் மேசை மேல் மல்லாந்து படுத்தாள், இடுப்பில் ஒரு மடிப்பு மடிந்தாள், முழங்காலில் ஒரு மடிப்பு மடிந்தாள். தராசில் ஒரு தாள் எடைதான் காட்டியது. உறைக்குள் போகும் முன்பு பூங்கோதை குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகப் போய் நில்லு என்றாள், அந்தச் சொல் அவளிடம் தங்காது என்று தெரிந்தும். தன் முகம், தன் கன்னம், தான் சுமந்த பிள்ளையின் செழுமையோடு இருந்த தன் உடம்பு, தான் போகாத ஊருக்குப் போகிறது. உறையை ஒட்டினார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்துருண்டை வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. கூரை ஒழுகியது, பாத்திரம் வைத்தாள், பாத்திரம் நிறைந்தது, கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். வாசலோடு போகிறவர்கள் எல்லாம், பத்திரமா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இருக்கிறேன் என்று சொன்னாள்.

பக்ருதீன் போன் பண்ணினான். ஆச்சரியம் எதுவும் இல்லாமல், நேற்று நேரில் பார்த்தவளிடம் பேசுவது போலவே பேசினான்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுண்ணி. ஒங்களப் பாத்த ஒடனே அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எத்தன நாளைக்கப்புறம் சிரிச்சாரு. அப்பறம் 'போயிட்டு வரட்டா'ன்னு கேட்டாரு. நீங்க 'போயிட்டு வாங்க'ன்னீங்க. கண்ண மூடிக்கிட்டாருண்ணி. அவ்வளவுதான்."

பூங்கோதை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் அவன் எப்போது வைத்தான் என்றும் அவளுக்குத் தெரியாது. அம்பலவாணன் விட்ட இடத்திலிருந்து கேட்டிருக்கிறான், அத்தனை காலமும் அந்த வாசல்படியிலேயே நின்றிருக்கிறான், பதில் வராமல் கிளம்ப முடியாமல். பதிலை அவள்தான் டைப் அடித்து, சீல் குத்தி, கூரியரில் அனுப்பினாள்.

பெட்டி சீக்கிரமே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், இவளுக்கு ஒரு சீல்கூடக் குறையில்லாததால் எந்த இடத்திலும் நிறுத்தவில்லை என்று கோர்ட்டு வாசல் முழுக்க வந்து நின்று சொன்னது. வக்கீல் மாலை வாங்கி வந்திருந்தார். தாஜுதீன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த உறையைக் கிழித்ததும் நகல் மடிப்புகளை நீவிக்கொண்டு எழுந்து நின்றாள். புதிதாக, நெற்றியில், வாசிக்கத் தெரியாத எழுத்தில் இன்னொரு சீல் இருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் அவளுக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாரைக் கட்டிக்கொண்டு அழுவது என்று சிலருக்குக் குழப்பமாக இருந்தது, வசதியான பக்கம் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கிளப்பும் நேரம் வந்தது. ஆண்கள் பாடைக்குக் கை கொடுக்கக் குனிந்தார்கள். பூங்கோதை எழுந்து போய் நகலின் முன்னால் நின்றாள். அவனைக் கடைசியாகப் பார்த்த கண் அதுதான், அவன் கடைசியாகப் பார்த்த முகம் அதுதான், உலகத்தில் வேறு யாரிடமும் அதைக் கேட்க முடியாது.

"எப்படிச் சிரிச்சாரு?" என்று கேட்டாள். "அத மட்டும் சொல்லு. எப்படிடி சிரிச்சாரு?"

நகல் அவளைப் பார்த்தாள். "பேர், பூங்கோதை" என்றாள். "பாலினம், பெண். பிறந்த ஊர், கொற்றமங்கலம்." தகப்பனார் பேரைச் சொன்னாள், தாயார் பேரைச் சொன்னாள். பாடை தோளுக்கு ஏறியது. "கணவர் பேர், அம்பலவாணன்." விலாசத்தைச் சொன்னாள், கதவு எண்ணோடு சொன்னாள், வக்கீலின் பதிவு எண்ணைச் சொன்னாள். பாடை வாசல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதும் இல்லை, போகிறவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நகலுக்கு யாரும் அதை எழுதிச் சீல் போட்டுக் கொடுத்திருக்கவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள் நகல்.

பூங்கோதையின் குரலேதான். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட அவள்தான் சொன்னாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கோதை வாயைத் திறந்தபடி நின்றாள்.